மீண்டும் மீண்டும் குடல் அடைப்பு: வாழ்க்கைத் தரத்தை எந்தக் கேள்வித்தாளால் அளப்பது?

கத்தரி_முடிச்சு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பொது அறுவை சிகிச்சை முதுநிலை மாணவன் நான். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஒட்டிக்கொண்டு, அதனால் இரண்டு முறையோ அதற்கு மேலோ அடைப்பு வந்து அட்மிட் ஆனவர்களின் வாழ்க்கைத் தரம்தான் என் தீசிஸ். கைடு, "எஸ்.எஃப்-36 போட்டுவிடு, எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்" என்கிறார். அது படியேறுவது, சாமான் தூக்குவது, உடல்வலி, மனநிலை என்று கடந்த 4 வாரத்தைப் பற்றி 36 கேள்வி கேட்கிறது. சீனியர் ஒருவர் ஜி.ஐ.கியூ.எல்.ஐ.தான் சரி என்கிறார். ஜெர்மனியின் கொலோனில் உருவாகி 1995ல் வெளியான, வயிறு, குடல் நோய்களுக்கான கேள்வித்தாள் அது. அதிலும் 36 கேள்விதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க், மொத்தம் 144. கேட்பது கடந்த 2 வாரத்தைப் பற்றி. மூன்றாவதாக இ.கியூ-5டி. ஐந்தே கேள்வி, அதுவும் இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்பதைப் பற்றி.

என் சிக்கல் இதுதான். அடைப்பு எப்போதாவது வருகிறது. வந்தால் வாந்தி, வலி, மூக்கில் குழாய், நாலைந்து நாள் வார்டு. போய்விட்டால் ஆள் நம்மைப் போலத்தான் நடமாடுகிறார். சிலரிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தேன், மார்க் அள்ளுகிறது. பேனாவை வைத்துவிட்டு அவர்கள் பேச ஆரம்பித்தால் வேறு கதை வருகிறது.

இது அரிதான விஷயமும் இல்லை. ஸ்காட்லாந்தில் 1986ல் வயிறு, இடுப்புக்குழிப் பகுதியில் ஆபரேஷன் செய்துகொண்ட 29,790 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1999ல் லான்செட்டில் வந்தது. மூன்றில் ஒருவர் சராசரியாக இரண்டு தடவை மறுபடி சேர்ந்திருக்கிறார். ஒன்று ஒட்டலால், அல்லது ஒட்டல் சிக்கலாக்கக்கூடிய இன்னொரு ஆபரேஷனுக்காக. இவ்வளவு பேருக்கு வரும் நோய்க்குச் சரியான அளவுகோல் எது? நோயாளிகளும் எழுதினால் நல்லது.

ரசஞ்சோறு

தம்பி, உங்கள் தாளை என்னிடம் கொடுத்தால் நானும் நல்ல மார்க்தான் வாங்குவேன். சிசேரியன் இரண்டு, அப்புறம் கர்ப்பப்பை எடுத்தது, அதற்குப் பிறகுதான் இந்த அடைப்பு. வலி இருக்கிறதா என்றால் இல்லை. வாந்தி? இல்லை. ஏன் இல்லை என்று உங்கள் தாள் கேட்பதில்லை. நான் சாப்பிடாததால் இல்லை.

வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, பலாச்சுளை, பனங்கிழங்கு எதுவும் கிடையாது. ஆரஞ்சு என்றால் தோலை உரித்து, சுளையின் தோலையும் உரித்து, சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுத் துப்புவேன். இதில் டாக்டர் சொன்னது பாதி. மீதி நானாகச் சேர்த்துக்கொண்டது, ஏனென்றால் போன தடவை அடைப்பு வந்த அன்று அதைச் சாப்பிட்டிருந்தேன். கல்யாண வீட்டில் மொய் வைத்ததும் கிளம்பிவிடுவேன். பந்தியில் உட்கார்ந்தால், "ஏன் ஒண்ணுமே தொடல?" என்று பக்கத்து இலையிலிருந்து கேள்வி வரும். உட்காராமல் போனால் கர்வம் பிடித்தவள் என்பாள் நாத்தனார். கர்வம் பரவாயில்லை.

திருப்பதிக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு முறுக்கினால் சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரி எங்கே என்று தெரியாத ஊரில் எனக்குத் தூக்கம் வராது. இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இன்னொன்று. என் மகள் நர்சிங் படிக்கிறாள், நீங்கள் சொன்ன 144 மார்க் தாளைக் காட்டினாள். அதில் "அதிகமாகக் காற்று பிரிவதால் தொந்தரவா" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் மார்க் குறையுமாம்! வார்டில் காலை ரவுண்ட்ஸ் வந்ததும் முதல் கேள்வியே "காற்று பிரிந்ததா அம்மா" என்பதுதான். பிரிந்துவிட்டது என்றால் டாக்டர், நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாரும் சிரிப்பார்கள். எங்களுக்கு அது நல்ல சேதி. தாளில் அது குறை.

ஓய்வுபெற்ற_கத்தி

முப்பது வருஷத்துக்கு மேல் வயிறு திறந்தவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து. வாழ்க்கைத் தரம் என்பது ஆளுக்கு ஆள், காலைக்கும் மாலைக்கும் மாறும் எண். தீசிஸுக்கு உறுதியான எண் வேண்டும். எத்தனை முறை அட்மிஷன், எத்தனை நாள் படுக்கை, ஆபரேஷன் தேவைப்பட்டதா, குடல் அழுகி வெட்ட வேண்டி வந்ததா. இவற்றை யாரும் மறுக்க முடியாது.

மீண்டும் வரும் அபாயத்துக்கும் எண் இருக்கிறது. ஒட்டலால் வரும் சிறுகுடல் அடைப்புக்கான, 2017ல் திருத்தப்பட்ட போலோனியா சிகிச்சை வழிகாட்டியைப் பார். ஆபரேஷன் இல்லாமல் சரியானவர்களில் ஓராண்டுக்குள் 12 சதவீதமும் ஐந்தாண்டுக்குள் 20 சதவீதமும் திரும்ப வருகிறார்கள். ஆபரேஷன் செய்தால் 8, 16. அதாவது கத்தி வைத்தாலும் முழுத் தீர்வு இல்லை, கத்தியே புது ஒட்டலை உண்டாக்கும். அதனால்தான் முதலில் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், டிரிப், அப்புறம் எக்ஸ்ரேயில் தெரியும் கேஸ்ட்ரோகிராஃபின் என்ற மருந்தைக் கொடுத்து எக்ஸ்ரே. 24 மணி நேரத்துக்குள் அந்த மருந்து பெருங்குடலைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் கத்தியில்லாமல் தப்பிக்கலாம். இவையெல்லாம் அளந்து கண்ட விஷயங்கள். "எனக்குக் கவலையாக இருக்கிறது, 10க்கு 6" என்பதை வைத்து நான் என்ன முடிவெடுப்பது?

ரசஞ்சோறு

டாக்டர் சார், டிஸ்சார்ஜ் சம்மரியில் "நலமுடன் வீடு திரும்பினார்" என்று எழுதுவீர்களே, அது எந்த எண்?

ஓய்வுபெற்ற_கத்தி

அது எண் இல்லையம்மா, அச்சடித்து வைத்த வாக்கியம்.

சராசரி_மனிதன்

மருத்துவப் புள்ளியியல் ஆள் நான். டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி: அந்த எண்ணை வைத்து யார் என்ன முடிவெடுக்கிறார்கள்? எடுக்கிறார்கள், அதுதான் ஆபத்து. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒருவருக்கு வருஷத்தில் மூன்று முறை அடைப்பு, ஒவ்வொன்றும் 6 நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 நாள். முழு நலத்தின் மதிப்பு ஒன்று. அந்த நாட்களின் மதிப்பு பூஜ்யம், அதாவது செத்ததற்குச் சமம் என்றே வைப்போம். 18ஐ 365ஆல் வகுத்தால் 0.049. மீதி நாளெல்லாம் இ.கியூ-5டியில் "பிரச்சினை இல்லை" என்று ஐந்து கட்டத்திலும் டிக் அடித்தால் அவருடைய வருஷத்தின் மதிப்பு சுமார் 0.95. ஒன்றுக்கு 0.95! இந்தக் கணக்கைப் பார்க்கும் சுகாதாரப் பொருளாதாரக்காரர், "இழப்பே இல்லையே, ஒட்டலைத் தடுக்கும் விலையுயர்ந்த படலம் எதற்கு, தொடர் கவனிப்பு எதற்கு" என்றுதான் கேட்பார். இ.கியூ-5டி பதில்களை இப்படி மதிப்பாக மாற்றும் அட்டவணை இந்தியாவுக்கென்றே சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனக் குழுவின் முயற்சியில் 2022ல் வந்துவிட்டது. இனிமேல் இங்கேயும் இப்படிப்பட்ட கணக்குகள் வரும். அக்கா திருப்பதி போகாதது அதில் எங்கேயும் ஏறாது.

குற்றம் கருவியுடையது அல்ல. நீண்டகால மூட்டுவலிக்கு "இன்று எப்படி" என்பது நல்ல கேள்வி, இன்றும் நேற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். விட்டு விட்டு வரும் நோயில் எந்த நாளில் கேட்கிறோம் என்பதே விடையைத் தீர்மானித்துவிடுகிறது. வார்டில் கேட்டால் பாதாளம், ஓ.பி.யில் கேட்டால் சொர்க்கம். இரண்டையும் கூட்டி எடுக்கும் சராசரி யாருடைய வாழ்க்கையும் இல்லை. (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தார்கள். மைடாஸ் என்ற கேள்வித்தாள் கடந்த 3 மாதத்தில் வேலை, வீட்டுவேலை, குடும்ப நிகழ்ச்சி ஆகியவற்றில் எத்தனை நாள் போயிற்று என்று நாள் கணக்காகக் கேட்கிறது. அதுவும் தலைவலி வந்த நாளைத்தான் எண்ணுகிறது. அதனால் தலைவலி இல்லாத நாட்களின் சுமைக்கென்றே மிப்ஸ்-4 என்று நான்கு கேள்வி தனியாக உருவாக்கினார்கள். வந்துவிடுமோ என்று திட்டம் போடத் தயங்குகிறீர்களா என்ற வகைக் கேள்விகள். குடல் அடைப்புக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. கத்தரி_முடிச்சு, உங்கள் தீசிஸின் மையம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

டிப்போ_கதிர்

நானும் சேரலாமா என்று தெரியவில்லை. எனக்கு ஆபரேஷனால் வந்தது இல்லை. குடலில் டிபி வந்து, மாத்திரை ஆறு மாதம் முடித்தேன். டிபி போய்விட்டது, ஆனால் ஆறின இடம் சுருங்கிவிட்டது என்கிறார்கள். அதில்தான் அடைக்கிறது.

பஸ் ஓட்டுகிறேன். டூட்டி இருக்கிற நாளில் காலையில் சாப்பிடுவதில்லை. ஸ்டீயரிங்கில் இருக்கும்போது முறுக்க ஆரம்பித்தால் ஐம்பது பேரை நடுரோட்டில் என்ன செய்வது? அதனால் டிரிப் முடிகிற வரை டீ, பிஸ்கட்டு. நீண்ட தூர ரூட்டைக் கேட்டு வாங்கினவன் நான், இப்போது டவுன் பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டேன். பேட்டா குறைந்துவிட்டது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் கேள்வித்தாளில் பணம் பற்றி ஏதாவது உண்டா?

கத்தரி_முடிச்சு

கதிர் அண்ணா, தாராளமாகச் சேரலாம். தீசிஸில் ஒட்டல் மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அதனால் எண்ணிக்கையில் உங்களைச் சேர்க்க முடியாது. ஆனால் நம் ஊரில் குடல் டிபியை விட்டுவிட்டு அடைப்பைப் பற்றிப் பேசுவதே பாதிப் பேச்சுதான். கேள்விகளை உருவாக்க நேர்காணல் செய்யும்போது உங்களைப் போன்றவர்களையும் கேட்கப் போகிறேன்.

பணம் பற்றி எஸ்.எஃப்-36ல் இல்லை, மற்ற இரண்டிலும் நேரடியாக இல்லை.

சராசரி_மனிதன்

உலக சுகாதார நிறுவனத்தின் ஹூகோல்-பிரெஃப் என்ற வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளில் பணம் பற்றி இருக்கிறது. 26 கேள்வி, உடல், மனம், உறவுகள், சூழல் என்று நான்கு பிரிவு. தேவைக்குப் பணம் இருக்கிறதா, மருத்துவ வசதி எட்டுகிறதா என்பதெல்லாம் சூழல் பிரிவில் வரும். 1990களில் அதன் மூலக் கேள்வித்தாளை உலகின் பல நகரங்களில் ஒரே நேரத்தில் உருவாக்கியபோது சென்னையும் ஒரு மையம். தமிழ் வடிவமும் உண்டு. பொதுக் கருவி ஒன்று வேண்டும் என்றால் எஸ்.எஃப்-36ஐவிட இதை எடுக்கச் சொல்வேன். ஆனால் இதுவும் கடந்த 2 வாரம்தான், அந்த ஓட்டை இதிலும் உண்டு.

இரவு_டூட்டி

இங்கிலாந்தில் வலிநிவாரணப் பிரிவில் நர்ஸ். நான் பார்ப்பது புற்றுநோயால் வரும் அடைப்பு, முக்கியமாகச் சினைப்பை, பெருங்குடல். உங்கள் விஷயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அளவுகோல் பற்றி அங்கே நடந்த ஒன்று உதவும்.

ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று ஒப்பிட்ட ஸ்வாக் எஸ்1316 என்ற அமெரிக்கச் சோதனையின் முடிவு 2023ல் வந்தது. அவர்கள் எடுத்த முதன்மை அளவு "நல்ல நாள்". சேர்ந்ததிலிருந்து 91 நாளில் உயிரோடும் ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் கழித்த நாட்கள் எத்தனை? சீட்டுக் குலுக்கிப் பிரித்தவர்களில் இரண்டு பக்கமும் சராசரி ஏறக்குறைய 43 நாள். வித்தியாசமே இல்லை. ஆனால் வாந்தி, வலி போன்ற அறிகுறிகளைத் தனியாகக் கேட்டபோது ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மேலாக இருந்தார்கள். நாட்களை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது.

ஆனாலும் "வீட்டில் இருந்த நாள்" என்ற அளவு எனக்குப் பிடிக்கும். எங்கள் நோயாளிகள் கேட்பது அதைத்தான். கடைசி மாதங்களில் இருக்கிறவரிடம் 36 கேள்வி நீட்டுவது கொடுமை. பாதியில் தூங்கிவிடுவார்கள், விட்டுப்போன பதில்கள் எல்லாம் மிக மோசமாக இருந்தவர்களுடையதாகவே இருக்கும். டாக்டர் சாரின் உறுதியான எண்களுக்கும் இந்தப் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது.

ரசஞ்சோறு

வீட்டில் இருந்தால் நல்ல நாள் என்று கணக்கு வைத்தால் என் வருஷம் கிட்டத்தட்ட முழுதும் நல்ல நாள்தான். உங்கள் நோயாளிக்கு அது சரி தங்கச்சி. எனக்கு இன்னும் இருபது முப்பது வருஷம் ஓட வேண்டியிருக்கிறது.

கத்தரி_முடிச்சு

தேடியதில் சிறுகுடல் அடைப்புக்கென்றே ஒரு கேள்வித்தாள் அமெரிக்காவில் இருப்பது தெரிந்தது. உணவு, வலி, வயிற்று அறிகுறி, மருந்து, வாழ்க்கைத் தரம் என்று பிரிவுகள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற_கத்தி

யார் செய்தார்கள் என்று பார்த்தாயா? வயிற்றைக் கையால் அழுத்தி, நீவி ஒட்டலைக் குறைப்பதாகச் சொல்லும் பிசியோதெரபி குழுவைச் சேர்ந்தவர்கள். தங்கள் சிகிச்சை வேலை செய்கிறது என்று காட்டத் தாங்களே செய்த தராசு. தராசு கோணல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் நிறுத்தும் முன் வெளியார் யாராவது சரிபார்த்திருக்க வேண்டும். உணவைத் தனிப் பிரிவாக வைத்தது மட்டும் நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்.

சராசரி_மனிதன்

டாக்டரோடு முழு உடன்பாடு. கூடவே ஒன்று. கருவியைச் சோதிக்கும் கோஸ்மின் நெறிமுறைகள் முதலில் பார்க்கச் சொல்வது கிரான்பாக் ஆல்ஃபாவை, அதாவது பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்ணை, அல்ல. கேள்விகள் நோயாளிக்குப் பொருந்துகின்றனவா, முக்கியமானது ஏதாவது விட்டுப்போயிற்றா, படித்தால் புரிகிறதா, இவைதான் முதல். நம் ஊர் தீசிஸ்களில் இதை யாரும் செய்வதில்லை. ஆல்ஃபா 0.8 வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தப்பான கேள்வியையே பத்து விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா நன்றாகத்தான் வரும். நேர்காணலுக்கு ஏழு பேராவது வேண்டும், முடிந்தால் அதற்கு மேல்.

பழகிப்போவதையும் கணக்கில் எடுங்கள். பந்தியில் உட்காராமலே நாலு வருஷம் போய்விட்டால் அது இழப்பாகவே தெரியாது, மார்க் தானாக ஏறும். நோய் குறையவில்லை, ஆசை சுருங்கியிருக்கிறது. இதற்கு முழு மருந்து இல்லை. உணர்வைக் கேட்காமல் நடந்ததைக் கேட்டால் ஓரளவு தப்பிக்கலாம். "சாப்பாடு பற்றிக் கவலையா" என்று கேட்காமல் "எத்தனை விசேஷங்களில் சாப்பிடாமல் வந்தீர்கள்" என்று கேளுங்கள்.

கத்தரி_முடிச்சு

கைடிடம் பேசினேன். பொதுவுக்கு ஹூகோல்-பிரெஃப், கூடவே அட்மிஷன், படுக்கை நாள் கணக்கு, இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். இரண்டு அடைப்புக்கு இடைப்பட்ட காலத்துக்கு நாங்களாக எழுதும் சில கேள்விகளை "முன்னோட்டம்" என்ற பெயரில் சேர்க்கலாம் என்றார். எல்லாம் கடந்த 3 மாதத்தைப் பற்றி. வரைவு இது, கிழித்துப் போடுங்கள்:

அடைப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் எத்தனை நாள் ஒரு வேளையாவது சாப்பிடாமல் இருந்தீர்கள்?
எத்தனை விசேஷங்களுக்குப் போகாமலோ, போய்ச் சாப்பிடாமலோ இருந்தீர்கள்?
இந்த நோயை நினைத்து எந்தப் பயணத்தையாவது விட்டீர்களா?
இதனால் வேலையையோ வருமானத்தையோ மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததா?

டிப்போ_கதிர்

முதல் கேள்வியில் பயம் என்று போட்டால் எங்கள் டிப்போவில் ஒருத்தனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். நானே சொல்ல மாட்டேன். "வேலைக்குப் போகும் முன்போ வெளியே கிளம்பும் முன்போ சாப்பிடாமல் போனீர்களா" என்று கேளுங்கள், சொல்லிவிடுவேன்.

ரசஞ்சோறு

விசேஷக் கேள்வி சரி. ஆனால் 3 மாதம் ஆடி, புரட்டாசி, மார்கழியில் வந்து விழுந்தால் எங்கே விசேஷம்? கூப்பிட்டது எத்தனை, அதில் விட்டது எத்தனை என்று கேட்டுவிடுங்கள்.

சராசரி_மனிதன்

அக்கா, விகிதமாகக் கேட்கச் சொல்கிறீர்கள். புள்ளியியல் துறைக்கு வந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_கத்தி

உன் வரைவில் ஒரு கேள்வி குறைகிறது, அதுதான் எனக்கு வேண்டியது. "கடைசியாக வயிறு முறுக்க ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை மணி நேரம் ஆனது? ஏன்?" விட்டு விட்டு வந்த வலி விடாமல் பிடித்துக்கொண்டு, காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்புமாக வருகிறவர்களுக்குத்தான் குடலைக் கறுத்த நிலையில் பார்த்திருக்கிறேன். முதல் தடவைக்காரர்கள் பயந்து ஓடி வந்துவிடுவார்கள். பலமுறை வந்தவர்கள்தான் வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பார்கள். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேஸ் ஷீட்டில் அதற்கு இடம் கிடையாது.

ரசஞ்சோறு

நான் சொல்கிறேன் சார். மூக்கில் போடும் குழாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அதைத்தான் போடுவார்கள். அது தொண்டையில் இறங்குகிற நிமிஷத்தை நினைத்துத்தான் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம், தானாகச் சரியாகிவிடும்" என்று சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.

டிப்போ_கதிர்

எனக்குக் குழாய் இல்லை, லீவு. மாசக் கடைசியில் முறுக்கினால் ஒண்ணாம் தேதி வரை பார்ப்பேன்.

ஓய்வுபெற்ற_கத்தி

கத்தரி_முடிச்சு, இந்த இரண்டு பதிலையும் விடைத் தெரிவுகளாக அப்படியே போடு. கதிர், இனி அப்படிப் பொறுக்காதீர்கள். விடாமல் வலித்தால் தேதி பார்க்க வேண்டாம், உடனே போய்விடுங்கள். குழாய்க்கு, அம்மா, மூக்கில் மரத்துப்போகும் ஜெல் தடவிவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

கத்தரி_முடிச்சு

சேர்த்துவிட்டேன் சார். எதிக்ஸ் கமிட்டிக்குத் திருத்திய வரைவு வரும் வாரம் போகிறது. அடைப்பு வந்து குறைந்தது இரண்டு முறை சேர்ந்தவர்கள், எந்தக் காரணத்தால் வந்ததாக இருந்தாலும், நேர்காணலுக்கு விருப்பம் இருந்தால் தனிமடல் அனுப்புங்கள். அனுமதி வந்ததும் நான் அழைக்கிறேன்.